சேணத்தில் குடியிருந்த பிஷப்

புதிய உலகத்துப் போதகர்கள் – 6

சென்ற இதழில் ஜார்ஜ் விட்ஃபீல்டை நியூபரிபோர்ட் ஆலயத்தில், பிரசங்க மேடைக்குக் கீழேயே அடக்கம் செய்துவிட்டு நிறுத்தினோம். ஆண்டு 1770. பதின்மூன்று முறை அட்லாண்டிக்கைக் கடந்தவர் அவர். அவர் திறந்தவெளியில் பேசினால் முப்பதாயிரம் பேருக்குக் கேட்கும் என்று பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பிலடெல்பியா தெருவில் நடந்து பார்த்துக் கணக்குப் போட்டார். அந்தக் குரல் அடங்கிய பிறகு மிஞ்சியது என்ன என்று கேட்டால் பதில் கொஞ்சம் சங்கடமானது. மனம் திரும்பியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எங்கே கூடுவது, அவர்களை யார் விசாரிப்பது என்பதற்கு விட்ஃபீல்ட் ஓர் ஏற்பாடும் செய்துவைக்கவில்லை.

மறு ஆண்டு, 1771 அக்டோபர் 27 அன்று, அதே பிலடெல்பியாவில் இருபத்தாறு வயது ஆங்கிலேயர் ஒருவர் கப்பலிலிருந்து இறங்கினார். பெயர் பிரான்சிஸ் ஆஸ்பரி. பிரசங்கத்தில் இவரை விட்ஃபீல்டின் பக்கத்தில்கூட நிறுத்த முடியாது. எடுத்த பொருளை விட்டு வேறெங்கோ போய்விடுவார், பேச்சு கோவையாக வராது என்று கேட்டவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். இவர் வந்தபோது அமெரிக்கா முழுவதிலும் மெதடிஸ்டுகள் சில நூறு பேர்தாம். 1816இல் இவர் கண்மூடியபோது இரண்டு லட்சத்துக்கும் மேல். ஊர் ஊராகச் சுற்றும் போதகர்கள் மட்டுமே ஏறக்குறைய 700 பேர். நாவன்மையால் நடக்காத இந்தக் காரியம் வேறு எதனால் நடந்தது? குதிரையால் நடந்தது என்பது என் பதில். அதற்கு ஆன விலையையும் இந்த அத்தியாயத்தில் பார்க்கப் போகிறோம்.

ஆஸ்பரி பிறந்தது 1745 ஆகஸ்ட் மாதம், பர்மிங்ஹாம் அருகே ஹாம்ஸ்டெட் பிரிட்ஜ் என்ற இடத்தில். தகப்பனார் ஜோசப், பெரிய வீடுகளில் தோட்ட வேலை பார்த்தவர். சாரா என்றொரு அக்கா இருந்தாள். சிறு வயதிலேயே இறந்துபோனாள். அந்தச் சாவு தாயார் எலிசபெத்தை உலுக்கிவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து மணிக்கணக்காக வேதாகமத்தை வாசிக்கும் தாயைப் பார்த்தே பையன் வளர்ந்தான். பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை. வாத்தியார் அடித்த அடியில் பதின்மூன்று வயதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டு, இரும்புப் பட்டறையில் வேலை பழகப் போனான். ஆறேழு வருடம் அங்கே சம்மட்டி பிடித்தான். பட்டறை வேலை முடிந்த இரவுகளில் மெதடிஸ்ட் கூட்டங்களுக்குப் போய், பதினெட்டு வயதுக்குள் தானே பிரசங்கம் செய்யத் தொடங்கிவிட்டான். விட்ஃபீல்டுக்கும் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லிக்கும் ஆக்ஸ்ஃபோர்டு இருந்தது. இவருக்குப் பட்டறைதான் பல்கலைக்கழகம்.

1771 ஆகஸ்டில் பிரிஸ்டல் நகரில் கூடிய மாநாட்டில், அமெரிக்காவுக்குப் போக யார் தயார் என்று வெஸ்லி கேட்டார். ஆஸ்பரி முன்வந்தார். கையில் காலணா கிடையாது. நண்பர்கள் துணிமணியும் பத்து பவுண்டும் சேர்த்துக் கொடுத்தார்கள். கப்பலேறிய பிறகுதான் படுக்கை கொண்டுவரவில்லை என்பது தெரிந்தது. இரண்டு கம்பளிகளை வைத்துக்கொண்டு பலகையில் படுத்தார். பயணத்தில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். எதற்காகப் போகிறேன், பேருக்கா, பணத்துக்கா என்று தன்னையே குறுக்கு விசாரணை செய்துகொள்ளும் பக்கம் ஒன்று அதில் உண்டு. அன்று தொடங்கிய நாட்குறிப்பை இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்புவரை எழுதினார். அமெரிக்கா ஒரு நாடாக உருவாவதைச் சேணத்தின் உயரத்திலிருந்து பார்த்த ஆவணம் அது. இதே உயரத்திலிருந்து இத்தனை காலம் பார்த்து எழுதியவர்கள் வேறு யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

வந்த சில வாரங்களிலேயே மூத்தவர்களோடு உரசல். ரிச்சர்ட் போர்டுமன், ஜோசப் பில்மோர் என்ற இருவர் முன்னமே வெஸ்லியால் அனுப்பப்பட்டவர்கள். ஒருவர் நியூயார்க், ஒருவர் பிலடெல்பியா. சில மாதங்களுக்கு ஒருமுறை இடம் மாறிக்கொள்வார்கள். நகரத்தில் நல்ல வீடுகள், வாய் மணக்கச் சாப்பாடு, வாசித்த சபையார். ஆஸ்பரிக்கு இது பொறுக்கவில்லை. ஜனங்கள் இருப்பது காட்டில், நாம் உட்கார்ந்திருப்பது நகரத்தில் என்று நாட்குறிப்பில் பொருமினார். பொருமியதோடு நிற்கவில்லை. இரவல் குதிரையில், பனிக்காலம் என்றும் பாராமல், நியூயார்க்கைச் சுற்றியுள்ள கிராமங்களுக்குக் கிளம்பினார். காய்ச்சலோடு திரும்பினார். குணமானதும் மறுபடி கிளம்பினார். அடுத்த நாற்பத்தைந்து ஆண்டுகளும் ஏறத்தாழ இதே கதைதான்.

சுற்றுப் போதகர் ஏற்பாடு வெஸ்லியின் கண்டுபிடிப்பு, ஆஸ்பரியுடையதல்ல. ஆனால் இங்கிலாந்தில் ஊருக்கும் ஊருக்கும் நடுவே சாலை இருந்தது. இங்கே ஊரே இல்லை. குடியேறியவர்கள் மரத்தை வெட்டி, தனித்தனிக் குடிசை போட்டு, மைல் கணக்கில் விலகி வாழ்ந்தார்கள். ஒரு கோயில் கட்டிப் பாதிரியாரை வைத்துச் சம்பளம் கொடுக்க அவர்களுக்கு வசதியில்லை. பழைய சபைகள் ஜனங்கள் கோயிலுக்கு வரவேண்டும் என்று காத்திருந்தன. மெதடிஸ்டுகள் பாதிரியாரையே குதிரையில் ஏற்றி ஜனங்களிடம் அனுப்பினார்கள்.

ஒரு சுற்று என்பது 200 மைல் இருக்கலாம், 500 மைலும் இருக்கலாம். போதகர் அதை நான்கு முதல் ஆறு வாரத்தில் சுற்றி முடித்து, முதல் குடிசையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். அனேகமாக ஒவ்வொரு நாளும் பிரசங்கம் உண்டு; களத்திலோ, கொட்டகையிலோ, மரத்தடியிலோ, யாருடைய அடுப்பங்கரையிலோ. அவர் வராத வாரங்களில் ஜனங்களைக் கவனிப்பது வகுப்புத் தலைவர். பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட வகுப்பு. தலைவர் அதே ஊர் விவசாயி, செம்மான், சில இடங்களில் ஒரு பெண். இந்த வாரம் எப்படி நடந்தாய், எங்கே தவறினாய் என்று ஒவ்வொருவரையும் கேட்பார்கள். ஒழுங்காக நடந்தவருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு சீட்டு. நடக்காதவருக்குச் சீட்டு இல்லை. போதகர் போய்விட்டாலும் சபை கலையாமல் இருந்ததற்கு இந்தச் சீட்டும் வகுப்பும்தான் காரணம். விட்ஃபீல்டிடம் இல்லாமல் போனது இதுதான்.

போதகருக்கு ஆண்டுக்கு 64 டாலர் சம்பளம், அதுவும் வசூலானால். பிறகு 1800இல் 80 டாலர் ஆனது. பிஷப்புக்கும் அதே தொகைதான். குதிரையும் சேணமும் சொந்தமாக வைத்திருக்க வேண்டும். சேணப் பையில் வேதாகமம், பாட்டுப் புத்தகம், சபை ஒழுங்குப் புத்தகம்; கூடவே விற்பதற்குச் சில நூல்கள். 1789இல் பிலடெல்பியாவில் சபைக்கென்று ஒரு பதிப்பகமே தொடங்கினார்கள். எல்லைப்புறக் குடிசைகளுக்குள் அச்சடித்த தாள் நுழைந்ததில் இந்தச் சேணப் பைகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

*

1775இல் சுதந்திரப் போர் வந்தது. மெதடிஸ்டுகளுக்கு இதைவிடக் கெட்ட காலம் வேறில்லை. இங்கிலாந்தில் உட்கார்ந்துகொண்டு வெஸ்லி ஒரு சிற்றேடு வெளியிட்டார். அமெரிக்கர்கள் அரசருக்கு அடங்கி நடக்க வேண்டும் என்பது அதன் சாரம். அச்சேறிய அந்தத் தாள் கடல் தாண்டி வந்ததும், இங்கே மெதடிஸ்ட் என்றாலே ராஜவிசுவாசி, உளவாளி என்று ஆகிவிட்டது. அடித்தார்கள், சிறையில் போட்டார்கள். மேரிலாந்தில் ஜோசப் ஹார்ட்லி என்ற போதகர் சிறைக் கம்பிகளுக்குப் பின்னால் நின்று வெளியே கூடியவர்களுக்குப் பிரசங்கம் செய்தார். ஆஸ்பரிக்கு 1776இல் பால்டிமோர் அருகே ஐந்து பவுண்டு அபராதம்.

வெஸ்லி அனுப்பிய மற்ற ஆங்கிலேயர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். ஆஸ்பரியையும் திரும்பி வரச்சொல்லி வெஸ்லி எழுதியிருந்தார். அவர் போகவில்லை. மந்தையை விட்டுவிட்டு மேய்ப்பன் ஓடுவதா என்பது அவருடைய வாதம். 1778 வாக்கில் அவர் ஒருவர்தான் மிச்சம்.

மேரிலாந்து அரசு விசுவாசப் பிரமாணம் கேட்டது. ஆயுதம் எடுக்க ஒப்புக்கொள்வதாக அதில் வந்த வாசகத்தை ஆஸ்பரியின் மனசாட்சி ஏற்கவில்லை. அத்தகைய பிரமாணம் கேட்காத டெலவேருக்குப் போய், தாமஸ் வொயிட் என்ற நீதிபதியின் வீட்டில் தங்கினார். ஒருநாள் குதிரைப்படை வந்து வொயிட்டையே பிடித்துக்கொண்டு போய்விட்டது. ஆஸ்பரி வீட்டை விட்டுக் கிளம்பி, பொழுது சாயும்வரை சதுப்புக் காட்டுக்குள் பதுங்கிக் கிடந்தார். ஒரே இடத்தில் அடைபட்டுக் கிடப்பது அவருக்குப் பட்டினியைவிடக் கொடுமை. நாட்குறிப்பில் அந்த மாதங்கள் முழுக்கப் புலம்பல்தான்.

அவரைக் காப்பாற்றியது ஒரு கடிதம். அமெரிக்கா சுதந்திரம் அடையாமல் விடாது, இந்த மக்களை விட்டுப் பிரிய எனக்கு மனமில்லை என்ற பொருளில் நண்பர் ஒருவருக்கு 1777இல் எழுதியிருந்தார். அது வழியில் அதிகாரிகள் கையில் சிக்கியது. எந்தக் கடிதமும் உளவுக் கடிதமாகிவிடும் காலம். இது மட்டும் இவரைக் குற்றமற்றவராக்கியது. கெடுபிடி தளர்ந்தது. மெல்ல டெலவேருக்குள் சுற்ற ஆரம்பித்தார்.

போர் முடிவதற்குள் உள்வீட்டில் ஒரு பிளவு. மெதடிஸ்ட் போதகர்கள் யாரும் குருப்பட்டம் பெற்றவர்களல்ல. ஞானஸ்நானம், திருவிருந்து இரண்டுக்கும் ஆங்கிலிகன் பாதிரியார்தான் வேண்டும். அந்தப் பாதிரியார்களோ போரில் ஊரைக் காலி செய்துவிட்டார்கள். பிள்ளைகள் ஞானஸ்நானம் இல்லாமல் வளர்ந்தன. பொறுக்கமாட்டாத வர்ஜீனியப் போதகர்கள் 1779இல் தங்களுக்குள்ளேயே கை வைத்துப் பட்டம் கொடுத்துக்கொண்டார்கள். மறு ஆண்டு ஆஸ்பரி அங்கே போய் மன்றாடினார். வெஸ்லியின் சொல் வரும்வரை ஒரு வருடம் பொறுங்கள் என்றார். அவர்கள் அசையவில்லை. அறைக்குப் போய் அழுது ஜெபித்துவிட்டு, வடக்கே கிளம்ப ஆயத்தமாகி, விடைபெற வந்தார். வந்து பார்த்தால் அவர் ஜெபித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர்கள் மனம் மாறி ஒப்புக்கொண்டிருந்தார்கள். அவர் கோணத்தில் இது ஜெபத்தின் வெற்றி. கிளம்பிப் போகப் போகிறேன் என்று சொல்லும் தலைவருக்கு எதிரே எந்தக் கூட்டமும் இளகும் என்பது என் எண்ணம். இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

*

வெஸ்லியின் பதில் 1784இல் ஓர் ஆளாகவே வந்தது. டாக்டர் தாமஸ் கோக். வேல்ஸ் நாட்டவர், ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் படித்தவர், குள்ளமாய், குண்டாய், செல்வந்தராய் இருந்தவர். அவரை அமெரிக்காவின் கண்காணிப்பாளராக நியமித்த வெஸ்லி, ஆஸ்பரியையும் அவருக்கு இணையாக அமர்த்தச் சொல்லியிருந்தார். நவம்பர் 14 அன்று டெலவேரில் பாரட் சாப்பலில் கோக் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது ஆஸ்பரி உள்ளே வந்தார். இருவரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள். செய்தியைக் கேட்டதும் ஆஸ்பரி சொன்னதுதான் முக்கியம்: வெஸ்லி நியமித்தால் மட்டும் போதாது, போதகர்கள் கூடித் தேர்ந்தெடுத்தால்தான் ஏற்பேன். சுதந்திரம் வாங்கி ஓராண்டு ஆன நாட்டின் காற்றை அவர் சரியாகப் பிடித்துவிட்டார். அதோடு இதில் சாமர்த்தியமும் இருந்தது. வெஸ்லி கொடுத்த பதவியை வெஸ்லி பறிக்கலாம். போதகர்கள் கொடுத்ததை அவரால் தொட முடியாது.

அந்தக் கிறிஸ்துமஸ் நாட்களில் பால்டிமோர், லவ்லி லேன் ஆலயத்தில் ஏறக்குறைய 60 போதகர்கள் கூடினார்கள். அடுத்தடுத்து மூன்றே நாட்களில் ஆஸ்பரி டீக்கன், மூப்பர், கண்காணிப்பாளர் என மூன்று படியும் ஏறினார். சில ஆண்டுகளில் கண்காணிப்பாளர் என்பது பிஷப் ஆயிற்று. கேள்விப்பட்ட வெஸ்லி கொதித்துப்போய் 1788இல் எழுதிய கடிதம் ஆஸ்பரியின் மனத்தைச் சுட்டது. ஆனாலும் பட்டம் நிலைத்துவிட்டது.

இந்த கோக் ஈழத் தமிழர்களுக்கு அந்நியர் அல்லர். அறுபத்தாறு வயதில், தம் சொந்தச் செலவில், ஆறு இளைஞர்களை அழைத்துக்கொண்டு இலங்கைக்குக் கப்பலேறியவர் இவர்தான். 1814 மே மாதம் நடுக்கடலில் இறந்தார். உடல் இந்தியப் பெருங்கடலில் இறக்கப்பட்டது. கூட வந்தவர்கள் ஜூன் இறுதியில் காலியில் கரையேறினார்கள். ஜேம்ஸ் லிஞ்ச், தாமஸ் ஸ்குவான்ஸ் இருவரும் யாழ்ப்பாணத்துக்கும், வில்லியம் ஆல்ட் மட்டக்களப்புக்கும் போனார்கள். மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரியும் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் அந்த வருகையில் வேர்விட்டவை. கோக்கின் மரணச் செய்தி அமெரிக்காவை எட்டியபோது அவருக்காக நினைவுப் பிரசங்கம் செய்தவர் ஆஸ்பரி.

பிஷப் ஆன பிறகும் ஆஸ்பரிக்கு அரண்மனை இல்லை, வீடே இல்லை. பனிக்காலத்தில் தெற்கே சார்ல்ஸ்டன். அங்கிருந்து வர்ஜீனியா, பால்டிமோர், பிலடெல்பியா, நியூயார்க் வழியாக ஜூன், ஜூலையில் நியூ இங்கிலாந்து. பிறகு மேற்கே திரும்பி, மலை தாண்டி ஒஹாயோ, கென்டக்கி, டென்னசி. இலையுதிர் காலத்தில் மறுபடி கரோலைனா. ஆண்டுக்கு ஏறக்குறைய ஐயாயிரம் மைல் வரும் இந்த வட்டத்தில் அங்கங்கே ஆண்டு மாநாடுகள். அலெகெனி மலைத்தொடரை அவர் கடந்தது அறுபது தடவை இருக்கும் என்பார்கள். இங்கிலாந்திலிருந்து அவருக்கு எழுதுபவர்கள் உறையின் மேல் பிஷப் ஆஸ்பரி, அமெரிக்கா என்று மட்டும் எழுதினால் போதும், கடிதம் சேர்ந்துவிடும் என்று சொல்வதுண்டு.

அந்தப் பயணம் எப்படி இருந்தது? ஒரே அறை கொண்ட மரக் குடிசை. அதில் வீட்டுக்காரர், மனைவி, எட்டுப் பத்துப் பிள்ளைகள், நாய்கள், வழிப்போக்கர்கள். தரையில் இடம் கிடைத்தால் பாக்கியம். ஒருமுறை சொறி பிடித்துவிட்டது. இத்தனை அழுக்குப் படுக்கைகளில் படுத்தும் இருபது தடவை பிடிக்காமல் போனதுதான் ஆச்சரியம், கந்தகத்தில் தோய்த்த சட்டையோடு தூங்கினால்தான் தப்பலாம் என்று எழுதிக்கொள்கிறார். சிரிக்கத் தெரியாத மனிதர் என்று பெயரெடுத்தவருக்கு நாட்குறிப்பில் இப்படிச் சில வரிகள் உண்டு. தொண்டைப்புண், காய்ச்சல், வாதம், வீங்கிய கால்கள் மாறி மாறி வந்தன. அந்தக் கால வைத்தியம் நோயைவிட மோசம். தோலில் கொப்புளம் வரவழைப்பது, ரத்தம் எடுப்பது, வாந்திக்கு மருந்து கொடுப்பது. எல்லாம் முடிந்து மறுநாள் காலை சேணம். சவாரி செய்துகொண்டே எபிரேயமும் கிரேக்கமும் படித்தார். ஒரு நாளைக்கு நூறு பக்கம் வாசிக்க வேண்டும் என்பது அவர் தமக்குத் தாமே வைத்துக்கொண்ட கணக்கு.

1790இல் கென்டக்கிக்குப் போனபோது ஆயுதம் தாங்கிய காவலர்களோடு காட்டுவழியைக் கடந்தார். வழியில் ஒரே முகாமில் கொல்லப்பட்ட குடியேறிகளின் 24 கல்லறைகளைப் பார்த்து நடுங்கியிருக்கிறார். அந்த நிலம் யாருடையது, ஷானிகளும் செரோக்கிகளும் ஏன் தாக்குகிறார்கள் என்ற கேள்வி அவருடைய நாட்குறிப்பில் பெரிதாக எழுவதில்லை. எல்லைப்புறம் அவருக்கு ஆத்துமாக்களின் அறுவடைக் களம். அது பிடுங்கப்பட்ட நிலமும்கூட என்பதை நாம் மறக்கக் கூடாது.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று 1804இல் அவரே கணக்குச் சொல்லியிருக்கிறார்: ஆண்டின் 52 வாரங்களில் ஒரு வாரம் மட்டும் வீட்டில் இருக்கும் புருஷனை எந்தப் பெண்ணுக்குக் கட்டிவைப்பது? போதகர்களும் பிரம்மச்சாரிகளாகவே இருக்க விரும்பினார். யாராவது ஒருவர் மணமுடித்து நிலம் வாங்கி ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டால், ஆளைப் பறிகொடுத்தது போல வருந்துவார். ஆனால் பெற்றோரை மறக்கவில்லை. கிடைத்த சொற்பத்தில் இங்கிலாந்துக்குப் பணம் அனுப்பினார். தகப்பனார் 1798இலும் தாயார் 1802இலும் இறந்தார்கள். புறப்பட்ட நாளுக்குப் பிறகு இருவரையும் அவர் பார்க்கவே இல்லை.

இத்தனைக்கும் மேலாக அவர் கையில் ஓர் அதிகாரம் இருந்தது. ஒவ்வொரு மாநாட்டின் கடைசியிலும் எந்தப் போதகர் எந்தச் சுற்றுக்கு என்ற பட்டியலை அவரே வாசிப்பார். மேல்முறையீடு கிடையாது. மேய்னிலிருந்து ஜார்ஜியாவுக்கு என்றாலும் கிளம்ப வேண்டியதுதான். 1792இல் பால்டிமோரில் கூடிய பொது மாநாட்டில் ஜேம்ஸ் ஓ கெல்லி என்ற மூத்த போதகர் இதை எதிர்த்தார். நியமனத்தால் பாதிக்கப்பட்டவர் மாநாட்டிடம் முறையிடலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தார். நாள்கணக்கில் விவாதம் நடந்தது. ஆஸ்பரி சபையில் உட்காராமல் விலகிக்கொண்டு கடிதம் மட்டும் அனுப்பினார். தீர்மானம் தோற்றது. ஓ கெல்லி வெளியேறித் தனிச்சபை கண்டார். நியாயம் ஓ கெல்லி பக்கம் என்றே நினைக்கிறேன். ஒரு மனிதர் கையில் அவ்வளவு அதிகாரம் இருக்கக் கூடாது. ஆஸ்பரி தமக்கென்று எதையும் எடுத்துக்கொள்ளவில்லை, பிறரை அனுப்பிய இடங்களுக்கெல்லாம் தாமும் போனார் என்பதால்தான் அது அத்தனை காலம் செல்லுபடியானது. அடிமை முறையைக் கடுமையாக எதிர்த்துப் புத்தகம் எழுதியவர் ஓ கெல்லி. அவரோடு அந்தக் குரலும் வெளியே போனது.

*

அடிமை முறை விஷயத்தில் ஆஸ்பரியின் தொடக்கம் நன்றாகவே இருந்தது. 1780 மாநாடு அதை தெய்வ நீதிக்கும் மனித நீதிக்கும் விரோதம் என்று அறிவித்தது. 1784 கிறிஸ்துமஸ் மாநாடு, அடிமை வைத்திருக்கும் உறுப்பினர்கள் விடுதலைப் பத்திரம் எழுத வேண்டும், இல்லையேல் சபையை விட்டு விலக வேண்டும் என்றே விதி செய்தது. கோக் இதை வர்ஜீனியாவில் பிரசங்கித்தார். அந்தக் குட்டி டாக்டருக்கு நூறு கசையடி கொடுத்தால் ஐம்பது பவுண்டு தருகிறேன் என்று ஒரு சீமாட்டி கூட்டத்தை ஏவிவிட்டாள். 1785 மே மாதம் ஆஸ்பரியும் கோக்கும் மவுண்ட் வெர்னனுக்கே போய், ஜார்ஜ் வாஷிங்டனிடம் அடிமை ஒழிப்பு மனுவை நீட்டினார்கள். விருந்து கொடுத்தார், கருத்தோடு உடன்படுவதாகச் சொன்னார், கையெழுத்துப் போடவில்லை. அடுத்த மாதமே, விதி வந்து ஆறு மாதம்கூட ஆகாத நிலையில், மாநாடு அதை நிறுத்திவைத்தது.

ஆஸ்பரியோடு பயணம் செய்தவர்களில் ஹாரி ஹோசியர் என்ற கறுப்பினத்தவர் இருந்தார். எழுத்து வாசனை இல்லாதவர், ஆனால் அபாரமான பிரசங்கி. உலகத்தின் சிறந்த பிரசங்கிகளில் ஒருவர் என்று கோக் எழுதும் அளவுக்குப் பேசியவர். ஆஸ்பரியைக் கேட்க வந்தவர்கள் ஹாரியைக் கேட்டுவிட்டுத் திருப்தியாகப் போன நாட்கள் உண்டு. அவருக்கு மாநாடு குருப்பட்டம் கொடுக்கவே இல்லை. பிலடெல்பியாவின் ரிச்சர்ட் ஆலனையும் தன்னோடு பயணம் வரும்படி ஆஸ்பரி அழைத்தார். தென்பகுதியில் அடிமைகளோடு கலந்து பழகக் கூடாது, பல இரவுகள் வண்டியிலேயே தூங்க வேண்டிவரும் என்பவை நிபந்தனைகள். சம்பளம் சோறும் துணியும். ஆலன் மறுத்துவிட்டார்.

தெற்கே எதிர்ப்பு முற்றியது. அடிமை எதிர்ப்பு அறிக்கை ஒன்றை மாநாடு வெளியிட்டதற்காகச் சார்ல்ஸ்டனில் ஒரு போதகரைக் கூட்டம் பிடித்து, பம்புக்கடியில் நிறுத்தித் தண்ணீரை அடித்து மூச்சுத் திணற வைத்தது. எஜமானர்களைப் பகைத்தால் அடிமைகளின் அருகில் போகவே விடமாட்டார்கள், அவர்களுக்கு நற்செய்தியாவது கிடைக்கட்டும் என்று ஆஸ்பரி சமாதானம் தேடிக்கொண்டார். 1808இல் தெற்கு கரோலைனாவுக்கென்று சபை ஒழுங்குப் புத்தகத்தை அடிமை முறை பற்றிய பகுதி இல்லாமல் ஆயிரம் பிரதி தனியாக அச்சிட ஏற்பாடானது. அதை முன்மொழிந்தவரே ஆஸ்பரிதான்.

இதை அவருடைய கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை; சதுப்புக் காட்டில் பதுங்கியும் கப்பலேற மறுத்தவர் அவர். அவருடைய பலம் எதுவோ அதிலிருந்தே இந்தப் பிழையும் வந்தது. சுற்று அறுபடக் கூடாது, ஒரு குடிசையின் கதவும் மூடிவிடக் கூடாது, எண்ணிக்கை வளர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த அக்கறைக்கு முன்னால் அடிமைகளின் விடுதலை காத்திருக்கலாம் என்று ஆகிவிட்டது. காத்திருந்ததால் எதுவும் தீரவும் இல்லை. 1844இல் அவர் கட்டிய சபை அடிமை முறையின் பொருட்டே வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிளந்தது.

கடைசி ஆண்டுகளில் குதிரை ஏற முடியாமல் சிறு வண்டியில் போனார். 1808இல் வில்லியம் மெக்கெண்ட்ரி பிஷப் ஆன பிறகும் சுற்றை விடவில்லை. சிலர் தூக்கிப் போய் மேடையில் வைப்பார்கள், உட்கார்ந்தபடி பேசுவார். எல்லைப்புறத்தில் காட்டு முகாம் கூட்டங்கள் பெருகிய காலம் அது. நாட்கணக்கில் ஆயிரக்கணக்கானோர் கூடாரமடித்து, அழுது, பாடி, விழுந்து எழும் கூட்டங்கள். மற்ற சபைகளின் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். ஆஸ்பரி அவற்றை வரவேற்று, ஆண்டுக்கு 400க்கு மேல் நடப்பதாக 1811இல் கணக்கும் வைத்திருந்தார்.

1816 மார்ச் 24 அன்று வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் அவரைத் தூக்கி வந்து ஒரு மேஜை மேல் உட்காரவைத்தார்கள். மூச்சு வாங்க வாங்க, நிறுத்தி நிறுத்தி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேசினார். பால்டிமோரில் மே மாதம் கூடவிருந்த பொது மாநாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று அங்கிருந்து கிளம்பினார். ஸ்பாட்சில்வேனியா வட்டாரத்தில் ஜார்ஜ் அர்னால்ட் என்ற நண்பர் வீட்டுக்கு மேல் நகர முடியவில்லை. மார்ச் 31, ஞாயிற்றுக்கிழமை, அங்கேயே காலமானார். மாநாடு கூடியபோது உடலைத் தோண்டியெடுத்து பால்டிமோருக்குக் கொண்டுவந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் பின்னால் நடந்தார்கள். தம் பெயரைத் தாங்கிய குழந்தைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேதாகமம் கொடுக்கும்படி உயில் எழுதியிருந்தார். பிரான்சிஸ் ஆஸ்பரி என்று பெயர் வைக்கப்பட்ட பிள்ளைகள் நாடெங்கும் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள்.

அவர் இறந்து இரண்டு வாரம் ஆவதற்குள், அதே ஏப்ரலில், பிலடெல்பியாவில் வேறொரு மாநாடு கூடியது. ஆஸ்பரி 1799இல் டீக்கன் பட்டம் கொடுத்த ரிச்சர்ட் ஆலன்தான் அதன் தலைமை. வெள்ளையரின் மேற்பார்வை இனி வேண்டாம் என்று கறுப்பின மெதடிஸ்டுகள் அங்கே தங்களுக்கென்று தனிச்சபையை நிறுவி, ஆலனை அதன் முதல் பிஷப் ஆக்கினார்கள். அடிமையாகப் பிறந்து, தன் விடுதலையைத் தானே காசு கொடுத்து வாங்கிய அந்த மனிதரின் கதையை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)